பிரசாரமும் கேள்வியும்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. அறிந்தோர் கூறுவதைச் செவிமடுத்து அறிதலும் கேள்வியே; ஐயுற்றதை வினவுதலும் கேள்வியே. வானொலி முதற்பொருளுக்கு மட்டுமே இடந்தரும் கருவி. பேசுகிறவன் பேசிக்கொண்டே போகிறான். கேட்கிறவர் இடைமறித்து, “ஐயா, இதற்கு ஆதாரம் யாது?” என்று வினவ வழியில்லை. பத்திரிகையும் திரைப்படமும் இவ்வகையில் வானொலியின் உடன்பிறப்புகளே. இவற்றின் முன்னே வாய்மூடி அமர்ந்திருக்கும் மனிதனுக்கு அந்த இரண்டாவது கேள்வியைக் கற்பிக்க வேண்டும் எனச் சிலர் முனைந்தனர். அம்முயற்சியின் வரலாற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டே இதைச் சொல்வது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எனினும் நான் கூறுவதையும் நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். அதில் எனக்கு வருத்தம் இராது.

இவ்வரலாற்றின் நடுவிடத்தில் நிற்பது, 1937ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் தோன்றிய ஒரு சிறு நிறுவனம். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘பிரசாரப் பகுப்பாய்வுக் கழகம்’ என்றாகும். நான்கு ஆண்டும் சில திங்களுமே அது உயிர்வாழ்ந்தது. ஆனால் அது தோன்றியதற்கான காரணத்தை அறிய வேண்டுமானால், அதற்கு இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1917ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதல் உலகப் போரில் இறங்கின. கடல் கடந்து நடக்கும் போருக்குத் தம் மக்களை ஆயத்தப்படுத்த வேண்டிய நிலை குடியரசுத் தலைவர் வில்சனுக்கு நேர்ந்தது. ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளரின் தலைமையில் பொதுச்செய்திக் குழு ஒன்றை அவர் அமைத்தார். சுவரொட்டிகள், துண்டு வெளியீடுகள், திரைப்படங்கள் என அக்குழு தொடாத கருவியே இல்லை எனலாம். அவற்றுள் எனக்கு வியப்பளிப்பது ‘நான்கு நிமிடப் பேச்சாளர்’ என்ற ஏற்பாடுதான். அந்நாளில் திரையரங்குகளில் ஒரு படச்சுருளை எடுத்து மற்றொன்றைப் பொருத்துவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த இடைவேளையில், ஊரார் அறிந்த வக்கீலோ வணிகரோ மேடையேறி நான்கே நிமிடங்களில் போருக்கு ஆதரவாகப் பேசி இறங்குவார். அவருக்கு வேண்டிய கருத்துகள் வாஷிங்டனிலிருந்து அச்சிட்டு வந்துவிடும். கேட்பவருக்கோ பேசுவது அரசாங்கமன்று, தம் அண்டை வீட்டுக்காரர் என்றே தோன்றும். இவ்வாறு 75,000 பேர் ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை பேசினர் என்று அக்குழுவின் கணக்கு கூறுகிறது.

அமெரிக்கா போரில் இறங்கிய அதே ஏப்ரலில் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வெளியாயிற்று. போர்க்களத்தில் மாண்ட தம் வீரர்களின் உடல்களையே ஜெர்மானியர் ஓர் ஆலைக்குக் கொண்டுசென்று, காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என்பது அச்செய்தி. பெர்லின் பத்திரிகையின் நிருபர் ஒருவர், போர்முனைக்கு அருகே தாம் கண்ட ஓர் ஆலையைப் பற்றி எழுதியிருந்தார். அங்கே காய்ச்சப்படுவது ‘கடாவர்’ என்று அவர் குறிப்பிட்டிருந்தார். ஜெர்மன் மொழியில் அச்சொல் பெரும்பாலும் செத்த விலங்குகளின் உடலைக் குறிப்பது. போர்முனையில் மாண்ட குதிரைகளுக்குக் குறைவில்லை. ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலியுடைய சொல்லோ மனிதப் பிணத்தைக் குறிப்பது. ஒரு சொல்லின் பொருள் நாட்டெல்லையைக் கடந்தபோது மாறியது. ஒரு தேசமே பிணந்தின்னியாயிற்று. பெயர்பெற்ற பத்திரிகைகள் இதனை வெளியிட்டன. “அவர்கள் மொழியில் இச்சொல்லுக்கு என்ன பொருள்?” என்ற எளிய வினாவை எழுப்பினோர் சிலரே, அவர்கள் குரல் எடுபடவில்லை. 1925ஆம் ஆண்டு டிசம்பரில்தான் பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன், இக்கதைக்கு அடிப்படை எதுவுமில்லை என்ற ஜெர்மன் அரசின் மறுப்பைத் தாம் ஏற்பதாகப் பொதுமன்றத்தில் அறிவித்தார். போர் முடிந்து அப்போது ஏழாண்டுகள் ஆகியிருந்தன. இந்தப் பொய்க்கதையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அதற்கு இன்னும் ஒரு விளைவு பாக்கி இருக்கிறது.

போர் முடிந்தபின், ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்ச்சி அறிஞர் பலரிடையே எழுந்தது. 1920ஆம் ஆண்டில் வால்ட்டர் லிப்மன், சார்ல்ஸ் மெர்ஸ் ஆகிய இருவர் ஒரு கடுஞ்சோதனை நடத்தினர். 1917 மார்ச்சு முதல் மூன்றாண்டுகள் வெளிவந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு, ருஷ்யப் புரட்சியைப் பற்றி அதில் வந்த செய்திகளைப் பின்னால் உறுதியாய்த் தெரிந்த நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். சோவியத்து ஆட்சி கவிழ்ந்துவிட்டது, அல்லது கவிழும் தறுவாயில் உள்ளது என 91 முறை அப்பத்திரிகை எழுதியிருந்ததாகக் கண்டனர். ஆட்சியோ கவிழவில்லை. இதில் சதி எதுவும் இல்லை என்பதே அவ்விருவரின் முடிவு. எழுதியவர்கள் தாம் காண விரும்பியதையே கண்டனர் என்றார்கள். சதிகாரனைத் தேடுவதைவிட இந்த முடிவு மனத்துக்குச் சங்கடம் தருவது. ஏனெனில் வாசகனும் அவ்வாறே தான் காண விரும்புவதைக் காண்பவன்தான்.

இனி, கழகத்தை உருவாக்கியவரிடம் வருவோம். 1918ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், ஓகையோ மாநிலத்துக் கான்டன் நகரில் யூஜீன் டெப்ஸ் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர் பொதுவுடைமைச் சார்புடைய கட்சியின் வேட்பாளராக அதற்குள் நான்கு முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர்; போரை எதிர்த்தவர். அச்சொற்பொழிவுக்காக அவர் கைதாகிப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகளுள் ஒருவர் கிளீவ்லாந்துப் பத்திரிகை ஒன்றின் இளம் நிருபர். அவர் பெயர் கிளைடு மில்லர். போர்க்காலத்தின் ஆவேசம் எங்கும் நிறைந்திருந்த நாளில், தேசபக்தியின் பெயரால் சாட்சிக் கூண்டில் ஏறிய அதே மில்லர், பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பிரசாரப் பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். அப்போது அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராய் இருந்தார். பிரசாரத்தின் வேகத்தை அவர் நூலிலிருந்து மட்டும் கற்றவரல்லர் என்பதை நாம் உணரவேண்டும்.

கழகத்துக்கு முதற்பொருள் தந்தவர் பாஸ்டன் நகரத்துப் பெருங்கடை உரிமையாளர் எட்வர்டு ஃபிலீன். இவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1907ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த ஃபிலீன், வங்காளத்துக் கிராமங்களில் உழவர்கள் நடத்திய கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டு வியந்தார். அச்சங்கங்கள் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியவை. அச்சட்டத்துக்கு வழிகோலியவற்றுள் சென்னை மாகாண அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் 1895 முதல் 1897 வரை வெளியிட்ட அறிக்கை முதன்மையானது. ஃபிலீன் தம் நாடு திரும்பியதும் அத்தகைய சங்கங்களுக்காக உழைத்தார். 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. சிறு வருவாயினர் தம் பணத்தைத் தாமே ஆளவேண்டும் என்று விரும்பிய அதே மனிதர், தம் கருத்தையும் அவர்கள் தாமே ஆளவேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. மக்களுக்கு எதை எண்ணுவது என்று சொல்லித்தரலாகாது, எப்படி எண்ணுவது என்றே சொல்லித்தரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1937 செப்டம்பரில் கழகம் பதிவாயிற்று. அதே திங்களில் ஃபிலீன் பாரிசு நகரில் காலமானார்.

அக்டோபர் முதல் கழகத்தின் திங்கள் வெளியீடு வரத் தொடங்கியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளநூல் அறிஞர் ஹாட்லி கான்ட்ரில் முதல் தலைவர். வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பியர்டு போன்றோர் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். நவம்பர் இதழில்தான் புகழ்பெற்ற ‘ஏழு உத்திகள்’ வெளிவந்தன. ஒரு கருத்தை ஆராயாமலே நாம் வெறுக்கும்படி அதற்குப் பழிப்பெயர் சூட்டுதல் முதலாவது. சுதந்திரம், தாய்நாடு, உண்மை போன்ற பகட்டான பொதுச்சொற்களால் மூடி, ஆராயாமலே நாம் ஏற்கும்படி செய்தல் இரண்டாவது. கோயில், கொடி முதலியவற்றின் மதிப்பை வேறொன்றின்மேல் ஏற்றுதல், பெயர்பெற்றவரின் நற்சான்று பெறுதல், ‘நானும் உங்களைப் போன்ற ஏழை எளியவனே’ என்று காட்டிக்கொள்ளுதல் ஆகியவை அடுத்த மூன்று. ஆறாவதைச் சீட்டடுக்குதல் என்றனர். சூதாடி தனக்கு வேண்டிய சீட்டுகளை வேண்டிய வரிசையில் அடுக்குவதுபோல, வேண்டிய உண்மைகளை மட்டும் அடுக்கி ஏனையவற்றை மறைத்தல். சர்க்கஸ் ஊர்வலத்தில் வாத்தியக்காரர் வரும் வண்டியின் பின்னால் எல்லோரும் ஓடுவதுபோல, ‘ஊரே வருகிறது, நீயும் வா’ என்றழைத்தல் ஏழாவது.

இவை நினைவிற் கொள்ள எளியன. ஆதலால் பள்ளிகளில் தீப்போலப் பரவின. ஆசிரியர் அன்றைய செய்தித்தாளையோ, சோப்பு விளம்பரத்தையோ, தேர்தல் பேச்சையோ வகுப்புக்குக் கொணர்வார். மாணவர் அதில் எந்த உத்தி எங்கே இருக்கிறது என்று குறிப்பர். ஆனால் கழகம் ஆசிரியர்களுக்கென்று தயாரித்த வழிகாட்டியில் இதைவிட ஆழமான பாடம் ஒன்று இருந்தது. ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஏழு எழுத்துகளில் தொடங்கும் ஏழு அறிவுரைகள் அவை. எந்தப் பூசலில் இருந்து இப்பிரசாரம் பிறந்தது எனக் கண்டறி என்பது முதல் அறிவுரை. அடுத்து, அதைக் கேட்டபோது உன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று பார் என்கிறது. பிறகு, உன் கருத்துகள் உன்னுடையவைதாமா என்று ஐயுறு என்கிறது. உன் சொந்தப் பிரசாரத்தையும் மதிப்பிடு என்கிறது. அந்த ஏழில் மூன்று, வினாவைத் தன்மேலேயே திருப்புகின்றன. என் கருத்தில் கழகம் உலகுக்களித்த சிறந்த பொருள் இதுவே. உலகம் நினைவில் வைத்திருப்பதோ மற்ற ஏழையே. பிறர் தந்திரத்தைப் பட்டியலிடுவது இனிது. தன்னைப் பார்ப்பது கடிது.

கழகத்தின் தேர்வு நாள் விரைவில் வந்தது. டிட்ராய்ட் நகருக்கு அருகே ராயல் ஓக் என்னும் ஊரில் சார்ல்ஸ் காக்லின் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். 1926 முதல் அவர் வானொலியில் பேசிவந்தார். இனிய, ஆழ்ந்த குரல். பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்து நின்ற இலட்சக்கணக்கான மக்களுக்கு அக்குரல் ஆறுதலாயிருந்தது. வங்கி முதலாளிகளைச் சாடிய அவரைத் தம் காவலர் என்றே எண்ணினர். நாளடைவில் அச்சாடல் யூதர்மீது திரும்பியது. 1938இல் அவருடைய வார இதழ், யூத முதியோரின் இரகசியத் திட்டம் எனப்படும் போலி ஆவணத்தைத் தொடர்ந்து வெளியிட்டது. அது போலி என்பதை லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை 1921ஆம் ஆண்டிலேயே, எந்தப் பழைய நூலிலிருந்து பக்கம் பக்கமாகக் களவாடப்பட்டது என்று காட்டி மெய்ப்பித்திருந்தது. 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதர் தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. பத்து நாள் கழித்து, நவம்பர் 20ஆம் நாள், காக்லின் வானொலியில் பேசினார். அக்கொடுமைக்கு யூதரையே ஒருவாறு பொறுப்பாக்கிய பேச்சு அது. சோவியத்து ஆட்சியை நடத்தியோர் யூதரே என்று பட்டியல் வாசித்தார். பேச்சு தவறான செய்திகளைக் கொண்டிருந்தது என்று நியூயார்க்கு வானொலி நிலையம் ஒன்று உடனே அறிவித்து, பின்னர் அவர் பேச்சுகளை ஒலிபரப்ப மறுத்தது.

1939இல் ஆல்பிரெட் லீ, எலிசபெத் லீ என்னும் தம்பதியர் கழகத்தின் பொருட்டு ‘பிரசாரமென்னும் நுண்கலை’ எனும் பொருள்பட ஒரு நூல் வெளியிட்டனர். காக்லினின் பேச்சுகளை எடுத்து அச்சிட்டு, வாக்கியங்களின் இடையிடையே சின்னஞ்சிறு படங்களைப் பதித்தனர். பழிப்பெயர் வருமிடத்தில் கீழ்நோக்கிய கட்டைவிரல், பகட்டுச் சொல்லுக்கு ஓர் இரத்தினம், மதிப்பேற்றலுக்கு முகமூடி, நற்சான்றுக்கு நாடா தொங்கும் முத்திரை, எளியவன் வேடத்துக்குப் பழைய செருப்பு, சீட்டடுக்குக்கு இஸ்பேட் ஆசு, ஊர்வல உத்திக்கு வாத்தியத் தலைவனின் தொப்பி. உருக்கமாய் ஓடும் வாக்கியத்தில் செருப்பும் சீட்டும் குறுக்கிட்டால், அந்த உருக்கம் எங்ஙனம் நிலைக்கும்? குரலின் மயக்கத்தை அச்செழுத்தும் படமும் கலைத்தன. ஒருமுறை இங்ஙனம் படித்த மாணவன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானொலிப் பெட்டியின் முன் அமரும்போது அப்படங்கள் அவன் கண்முன் தோன்றாமல் இரா.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். முத்திரைப் படங்கள், பேசியவர் எப்படிப் பேசினார் என்பதைக் காட்டும். அவர் சொன்னது பொய்யா மெய்யா என்பதைக் காட்டமாட்டா. காக்லின் வாசித்த பட்டியல் பொய் என்று நிறுவுவதற்கு, மூல ஆவணங்களைத் தேடி ஒப்பிட்ட வேறு சிலரின் உழைப்பு வேண்டியிருந்தது. அப்பட்டியல்கள் நாஜிப் பிரசார ஏடுகளில் வந்தவை என்பதை அவர்களே எடுத்துக்காட்டினர். நல்ல செய்தியைச் சொல்பவரும் இந்த ஏழு உத்திகளைக் கையாளக்கூடும். எத்தனையோ உண்மைத் தலைவர்கள் கையாண்டும் இருக்கின்றனர். உத்தி இருக்கிறது என்பதாலேயே செய்தியைத் தள்ளிவிடுகிற மாணவன், பழிப்பெயர் சூட்டும் முதல் உத்தியைத் தானே கையாண்டவனாகிறான்.

இந்த இடத்தில் கழகத்தின் தலைவராயிருந்த கான்ட்ரிலின் மற்றோர் ஆராய்ச்சி நமக்கு உதவுகிறது. காக்லின் பேச்சுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 1938 அக்டோபர் 30ஆம் நாள் ஞாயிறு இரவில், ஆர்சன் வெல்ஸ் என்ற இளம் நடிகர் ஒரு வானொலி நாடகம் நடத்தினார். எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட, செவ்வாய்க் கோளிலிருந்து படையெடுப்போர் கதையே நாடகம். அதனை இசை நிகழ்ச்சியின் இடையே குறுக்கிடும் அவசரச் செய்திகளாக அமைத்திருந்தனர். நியூஜெர்சி மாநிலத்தில் குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூரில் எரிகல்லொன்று வீழ்ந்தது, அதிலிருந்து பகைவர் வெளிவந்தனர் என்று அறிவிப்பாளர் கூவினார். இடையிலிருந்து கேட்கத் தொடங்கியோருள் பலர் அதனை மெய்யென நம்பினர். நாடே வீதிக்கு ஓடிற்று என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியது மிகை என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். விளம்பர வருவாயில் தமக்குப் போட்டியாக வளர்ந்துவந்த வானொலியை இழித்துக்காட்டப் பத்திரிகைகளுக்குக் காரணம் இருந்தது. ஆகவே அந்தப் பீதியைப் பற்றிய செய்தியையும் நாம் வினாவோடுதான் படிக்கவேண்டும். ஆனால் அஞ்சியவர்கள் இருந்தனர். கான்ட்ரில் குழுவினர் 135 பேரை நேரிற் கண்டு விரிவாக வினவினர்.

1940இல் வெளியான அவர்களுடைய நூல் கேட்டோரை நான்கு வகையாகப் பிரிக்கிறது. சிலர், நிகழ்ச்சியின் உள்ளேயே முரண்பாடு கண்டு தெளிந்தனர். இவ்வளவு நிகழ்ச்சிகள் இவ்வளவு நிமிடங்களில் நடவா என்று கண்டுகொண்டனர். சிலர் வேறு நிலையத்துக்குத் திருப்பினர், அல்லது செய்தித்தாளில் வானொலி நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தனர், தெளிந்தனர். சிலர் சோதித்துப் பார்க்கவே முயலவில்லை. நம் கவனத்துக்குரியவர் எஞ்சிய வகையினர். இவர்கள் சோதிக்கத்தான் செய்தார்கள், சோதித்தும் தெளியவில்லை. சன்னலைத் திறந்து பார்த்த ஒருவர், வீதியில் எண்ணற்ற மோட்டார் வண்டிகள் செல்வதைக் கண்டு, மக்கள் தப்பியோடுகின்றனர் என்று முடிவு செய்தார். வேறொருவர் சன்னலைத் திறந்தபோது வீதி வெறிச்சோடிக் கிடந்தது. சாலைகள் அழிந்துபோயின, அதனால்தான் வண்டிகள் வரவில்லை என்று அவர் கொண்டார். மூன்றாமவர் வெளியே எல்லாம் வழக்கம்போலவே இருக்கக் கண்டார். பகைவர் இன்னும் நம் பகுதிக்கு வந்து சேரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டார். வண்டி வந்தாலும் சான்று, வாராவிட்டாலும் சான்று! எந்த விடை வந்தால் என் நம்பிக்கையைக் கைவிடுவேன் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் கேட்கும் கேள்வி, கேள்வியே ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு ஒன்றை நான் கண்டதில்லை.

கழகத்தின் வீழ்ச்சி விரைவானது. எல்லாவற்றையும் ஐயுறும் இளைஞர் கூட்டத்தை இது வளர்க்கிறது, எதையும் நம்பாதவன் எதற்காகவும் போரிடமாட்டான் என்று ஒரு சாரார் குறை கூறினர். ஐரோப்பாவில் ஹிட்லரின் படைகள் நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்த நாளில் இக்குறை வலுவுடையதாய்த் தோன்றிற்று. வேறொரு சாரார் கழகத்தில் இடதுசாரிகள் புகுந்துவிட்டனர் என்று ஐயுற்றனர். பிரதிநிதிகள் சபையின் டைஸ் குழுவின் பார்வை 1941இல் அதன்மேல் விழுந்தது. இருபுறத்தும் பொருளுதவி வற்றியது. 1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 ஜனவரியில் கழகம் தன் கடைசி இதழை வெளியிட்டு விடைபெற்றது. போர்க்காலத்தில் அரசின் பிரசாரத்தையும் பகைவர் பிரசாரத்தையும் ஒரே தராசில் நிறுத்தால் அது தவறாகப் பயன்படக்கூடும் என்று காரணம் கூறியது. கழகத்தின் வினாக்கள் மிகத் தேவையான வேளையில் கழகம் வாய்மூடிற்று என்று வருந்துவோர் உண்டு. எனக்கோ அவ்வளவு எளிதாய்த் தீர்ப்புக் கூற மனம் வரவில்லை. உண்மையாகவே கொடியவனாயிருந்த பகைவனோடு நடந்த போர் அது.

முன்பு நினைவிற் கொள்ளச் சொன்ன பிண ஆலைக் கதைக்கு இங்கே வருகிறேன். 1942, 1943ஆம் ஆண்டுகளில், யூதரை ஜெர்மானியர் நச்சுப்புகை அறைகளில் கொல்கின்றனர் என்ற செய்திகள் போலந்திலிருந்து லண்டனுக்கு வந்தன. இம்முறை செய்தி உண்மை. 1943 ஆகஸ்டில், பிரிட்டிஷ் கூட்டு உளவுக் குழுவின் தலைவர் கேவண்டிஷ் பென்டிங்க் ஒரு குறிப்பு எழுதினார். நச்சுப்புகை அறைக்கு ஆதாரம் இருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், சென்ற போரில் பிணங்களிலிருந்து கொழுப்பெடுத்ததாக வந்த கதையை இது தமக்கு நினைவூட்டுகிறது என்றும் அதில் கூறினார். 1917இன் பொய், 1943இன் உண்மையைக் கொன்றது. ஒரு முறை ஏமாந்தவன் மறுமுறை ஐயுறுவது இயல்பே. ஆனால் ‘முன்பும் இப்படித்தான் சொன்னார்கள்’ என்பது ஆராய்ச்சியன்று. அது வண்டியைக் கண்டும் அஞ்சி, வெறுவீதியைக் கண்டும் அஞ்சியவனின் மறுபக்கம். இப்போது வந்த செய்தியை இப்போது யார் கண்டார், எங்கே கண்டார், வேறு யார் தனியே அதனைக் கூறுகிறார் என்று புதிதாய் வினவியிருந்தால் விடை கிடைத்திருக்கும். சொல்ல ஆட்கள் இருந்தனர்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் 1933இலேயே லீவிஸ், டென்னிஸ் தாம்சன் என்னும் இருவர் விளம்பரங்களை வகுப்பறையில் ஆராயப் பாடநூல் எழுதியிருந்தனர். எனினும் மலிவான பண்பாட்டிலிருந்து மாணவரைக் காப்பதே அவர்கள் நோக்கம், நோய்க்கு ஊசி போடுவது போல. அரை நூற்றாண்டு கழித்து அந்நாட்டு லென் மாஸ்டர்மன் அவ்வழியை மறுத்தார். 1985இல் வெளியான அவர் நூல், ஆசிரியர் தம் சுவையை மாணவர்மேல் திணிக்கலாகாது என்றது. இச்செய்தியை ஆக்கியவர் யார், யாருக்காக ஆக்கினர், எதை உள்ளே வைத்து எதை வெளியே விட்டனர், யாருக்கு இதனால் ஆதாயம் என்று மாணவர் தாமே வினவப் பழக வேண்டும் என்றது. 1982 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் குரூன்வால்டில் யுனெஸ்கோவின் ஆதரவில் 19 நாட்டார் கூடி, இக்கல்வியைப் பள்ளிகளில் வளர்க்க அரசாங்கங்களை வேண்டினர். 1987இல் கனடாவின் ஒண்டேரியோ மாகாணம் இதனை ஆங்கிலப் பாடத்தின் பகுதியாக்கிற்று.

கணினியும் கைப்பேசியும் வந்தபின், அமெரிக்காவின் ஸ்டான்பர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சேரா மெக்ரூ என்னும் இருவர் ஒரு சோதனை செய்து 2017இல் வெளியிட்டனர். வரலாற்றுப் பேராசிரியர் பத்துப் பேர், செய்தி சரிபார்க்கும் தொழிலினர் பத்துப் பேர், மாணவர் இருபத்தைவர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டனர். ஒன்று 1930 முதல் இருந்துவரும் பெரிய குழந்தை மருத்துவர் சங்கத்தினுடையது. மற்றொன்று ஏறக்குறைய அதே பெயருடைய, 2002இல் பிரிந்துசென்ற சிறு குழுவினது. நூலறிவு மிக்க பேராசிரியர்களும் அறிவுடைய மாணவர்களும் கொடுத்த பக்கத்தையே மேலிருந்து கீழாகக் கவனமாய்ப் படித்தனர். அழகிய அமைப்பையும் அடிக்குறிப்புகளையும் கண்டு பலர் ஏமாந்தனர். சரிபார்ப்போரோ சில நொடிகளில் அப்பக்கத்தை விட்டு வெளியேறினர். இக்குழுவைப் பற்றிப் பிறர் என்ன கூறுகின்றனர் என்று தேடிப் பார்த்தபின்னரே திரும்பினர். 1938இல் வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்தாரே, அவருடைய வழி இது.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் தடுப்பூசி இடத் தொடங்கியபோது, அவ்வூசி குழந்தைகளுக்குத் தீங்கென்று கைப்பேசி வழியே வதந்தி பரவி, பெற்றோர் பலர் மறுத்தனர். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலும் இவ்வாறே நேர்ந்தது. அங்கே மாவட்ட ஆட்சியராயிருந்த மீர் முகம்மது அலி, 2018இல் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாவட்டத்து அரசுப் பள்ளிகள் ஏறக்குறைய 600இல் 150இல் நாற்பது நிமிட வகுப்புகள் நடந்தன. தமக்கு வந்த செய்தி எங்கிருந்து புறப்பட்டது, அதை அனுப்பியவர் அதை எப்படி அறிந்தார், வேறு எங்கேனும் அது காணப்படுகிறதா என்று பிள்ளைகள் ஆராயப் பழகினர். நம் குடும்பங்களில் பெரியவர் சொல்லைப் பிள்ளைகள் மறுத்துப் பேசுவது வழக்கமில்லை. ஊசி வேண்டாம் என்று மறுத்த பெற்றோரின் கைப்பேசியை வாங்கி, “அப்பா, இதை உங்களுக்கு அனுப்பியவருக்கு யார் சொன்னார்களாம்?” என்று கேட்பதற்குத்தான் அந்த நாற்பது நிமிடங்கள் அவர்களுக்குச் சொல்லித்தந்தன.